இளைஞர்கள் ஏன் ஓட்டுப் போடப் போவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிந்து வாக்குப்பதிவு சதவீதம் வெளியானதும் ஒரே பேச்சுதான் கிளம்பும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டைப் பற்றி என்ன கவலை?" இந்தப் பேச்சு பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். இளைஞர்கள் கேட்பவை, பெற்றோர் கேட்பவை, ஆசிரியர்கள் கேட்பவை எல்லாம் கலந்தே வருகின்றன.

இளைஞர்கள் உண்மையிலேயே குறைவாகத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

ஆம். வாக்களிப்பது கட்டாயமில்லாத ஜனநாயக நாடுகளில் இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் தெரிகிற போக்கு. இருபதுகளில் குறைவாக இருக்கும் வாக்களிப்பு வயது ஏற ஏறக் கூடுகிறது; முதுமையில் உடல் ஒத்துழைக்காதபோதுதான் மறுபடி இறங்குகிறது.

அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தரும் எண்களைப் பாருங்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் (அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் நடக்கும் நாடாளுமன்றத் தேர்தல்) 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். 2018இல் அதே வயதினரில் 36 சதவீதம். அந்த 2018இல் 65 வயதைத் தாண்டியவர்களில் 66 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். இடைவெளி பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில் 20 என்பது 36 ஆனதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு தலைமுறையின் பிறவிக் குணம் நான்கு ஆண்டில் மாறாது. மாறியிருக்கிறது என்றால், அது குணமாக இருந்திருக்க முடியாது.

அக்கறை இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் டென்மார்க்கிலிருந்து வருகிறது. அங்கே ஆய்வாளர்கள் கருத்துக்கணிப்பை நம்பாமல், யார் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள் என்ற பதிவேட்டையே எடுத்து ஆராய்ந்தார்கள். (ஓட்டுப் போடாதவர்களில் பலர் கருத்துக்கணிப்பில் "போட்டேன்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே பதிவேடு நம்பகமானது.) 18 வயது நிறைந்த கையோடு தேர்தலைச் சந்தித்தவர்கள் நல்ல எண்ணிக்கையில் வந்திருந்தார்கள். 19, 20, 21 என்று போகப்போக, கிட்டத்தட்ட மாதத்துக்கு மாதம், வருகை குறைந்துகொண்டே போயிற்று. அதற்குப் பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்கியது.

18 வயதில் இருந்த அக்கறை 20 வயதில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். பெற்றோரோடு இருந்தவரை, தேர்தல் நாளன்று அவர்கள் கிளம்பும்போது இவர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியபின் கூப்பிட ஆளில்லை. கூடத் தங்கியிருப்பவர்களும் போகவில்லை. இத்தனைக்கும் டென்மார்க்கில் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். வாக்காளர் அட்டை தபாலில் வீடு தேடி வரும். அலைச்சல் இல்லாத நாட்டிலேயே நிலைமை இது.

ஒரு மனிதனின் வாழ்க்கையிலேயே வேர் பிடிக்காத ஆண்டுகள் என்றால் 18 முதல் 25 வரைதான். கல்லூரிக்காக ஓர் ஊர், முதல் வேலைக்காக வேறோர் ஊர், ஆண்டுக்கொரு வாடகை வீடு. தெருவில் யாரையும் தெரியாது. தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. வாக்குரிமையோ மிகச் சரியாக அந்த ஆண்டுகளில்தான் வந்து சேர்கிறது. முதல் தேர்தலில் விட்டுப்போனால் இரண்டாவதிலும் விட்டுப்போவது எளிது. மூன்றாவதிலும் போகவில்லையென்றால் அதற்குப் பெயர் பழக்கம்.

பழக்கம் என்று சும்மா சொல்லவில்லை. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு பெரிய சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வாக்காளர்களை மட்டும் வாக்களிக்கும்படி ஊக்கப்படுத்தினார்கள். அவர்கள் அந்தத் தேர்தலில் கூடுதலாக வந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். மறு ஆண்டுத் தேர்தலில் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அப்போதும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். ஒருமுறை போனவர் மறுமுறையும் போகிறார். இளைஞர் வாக்களிப்பைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முக்கால்வாசி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அப்படியானால் அக்கறையே இல்லாத இளைஞர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அக்கறையே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பழக்கத்தால் ஓட்டுப் போட்டுவிடுவதால் யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை.

என் ஒரு ஓட்டால் என்ன மாறிவிடப் போகிறது?

ஒரு ஓட்டில் முடிவான தேர்தல்கள் உண்டு. 2008இல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைவர் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் சரிசமமாக 11,608 ஓட்டு. பெயர்களை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள். அந்த ஒரு இடத்தால் அவை 50க்கு 50 என்று ஆகாமல் 51க்கு 49 என்று ஒரு கட்சியின் கைக்குப் போயிற்று. அந்தத் தொகுதியில் அன்று வீட்டில் இருந்துவிட்ட ஒருவர் வந்திருந்தால் கிண்ணமே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவைப்பது நேர்மையாகாது. இப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலான தேர்தல்களில் நீங்கள் ஒருவர் போனாலும் போகாவிட்டாலும் வெற்றி பெறுபவர் மாறமாட்டார். கணக்கு தெரிந்த பிள்ளைகள் இதைச் சொல்லும்போது பெரியவர்கள் கோபப்படுவதில் பயனில்லை, கணக்கு சரிதான்.

அந்தக் கணக்கில் விட்டுப்போவது வேறொன்று. கட்சிகள் உங்களைத் தனி ஆளாகப் பார்ப்பதில்லை, கூட்டமாகப் பார்க்கின்றன. எந்த வயதினர் வந்தார்கள், எந்தப் பகுதியினர் வந்தார்கள் என்பது ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அலசப்படும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் யார் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்ற பட்டியலே கட்சிகளின் கைக்குக் கிடைக்கும். (யாருக்குப் போட்டார்கள் என்பது யாருக்கும் கிடைக்காது.) அடுத்த தேர்தலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, யாருக்கு வாக்குறுதி கொடுப்பது என்று அதை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். வராதவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தட்டாததால் அவர் இன்னும் விலகிப்போகிறார்.

பிரிட்டனில் 2010இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, அரசு ஓய்வூதியம் விலைவாசி, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் உயரும் என்ற உத்தரவாதம். இன்னொன்று, இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பை ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்த்தியது; 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. பணநெருக்கடி எல்லோருக்கும் ஒன்றுதான், வெட்டு மட்டும் ஒரு பக்கம் விழுந்தது. வாக்களிப்பு இடைவெளி ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதியோரில் பெரும்பாலோர் தவறாமல் வாக்குச்சாவடிக்கு வருகிற நாட்டில் அவர்கள் ஓய்வூதியத்தில் கைவைக்க எந்தக் கட்சி துணியும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான். போடாமல் இருப்பதே என் எதிர்ப்பு. அது தப்பா?

தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எதிர்ப்பு யார் காதிலும் விழாது. நீங்கள் கோபத்தில் போகவில்லையா, தூங்கிவிட்டீர்களா, பட்டியலில் பெயர் இல்லையா என்பதை எண்ணுகிறவர்களால் பிரித்தறிய முடியாது. வராதவர்கள் எல்லோரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

கோபத்தைப் பதிவு செய்ய வழி இருக்கிற இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர்; ஆகவே அதற்கு முடிவை மாற்றும் பலம் இல்லை. ஆனாலும் எண்ணப்படுகிறது, அச்சில் வருகிறது. கொலம்பியாவில் விதி இன்னும் கடுமை: வெற்று ஓட்டு (எந்த வேட்பாளருக்கும் இல்லை என்று போடும் ஓட்டு) பாதியைத் தாண்டினால் தேர்தலை ஒருமுறை மறுபடி நடத்த வேண்டும். 2011இல் பெய்யோ நகர மேயர் தேர்தலில் அப்படியே நடந்தது. மேயர் பதவிக்கு நின்றது ஒரே ஒருவர்தான். மக்கள் அவரை வெற்று ஓட்டால் தோற்கடித்தார்கள். மக்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் மேயராகியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எல்லாரும் ஒன்று" என்பது தேசிய அளவில் உண்மைபோலத் தோன்றலாம். உள்ளாட்சித் தேர்தல் வரை இறங்கி வாருங்கள். தெருவிளக்கு, குடிநீர், பேருந்து என்று வரும்போது வேட்பாளர்களிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அங்கே ஓட்டு வித்தியாசமும் சிறியது.

போராட்டத்துக்குப் போகிறேன், சமூக ஊடகத்தில் பேசுகிறேன். அது போதாதா?

சிலி நாட்டின் கதையைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. 2011இல் அங்கே மாணவர்கள் இலவசக் கல்வி கேட்டு மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கூட்டம் லட்சங்களைத் தொட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னே நின்ற கமிலா வயேஹோ, ஜோர்ஜியோ ஜாக்சன், காப்ரியேல் போரிச் ஆகியோர் அதோடு நிற்கவில்லை. 2013இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றார்கள். 2016இல் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பல்கலைக்கழகக் கல்வி தொடங்கியது. 2021 டிசம்பரில் 35 வயது போரிச் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தலின் முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம், இரண்டாம் சுற்றில் 55 சதவீதத்துக்கும் மேல். இடையில் இருந்தது நான்கு வாரம்தான்.

தெரு கோரிக்கையை எழுப்புகிறது. சட்டமாக்குவது வேறொரு கட்டடத்தில் நடக்கிறது. தெருவில் நின்ற கால்கள் வாக்குச்சாவடி வரை நடக்காவிட்டால் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் பொறுத்திருந்து பார்ப்பார்கள். போராட்டம் எப்படியும் ஓயும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பதிவுகளையும் போராட்டத்தையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. அவற்றின் பலன் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறேன்.

படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறேன். ஓட்டு சொந்த ஊரில். என்ன செய்வது?

அக்கறையின்மை என்ற பெயரில் எழுதப்படும் கணக்கில் பெரும்பங்கு உண்மையில் இந்த முகவரிச் சிக்கல்தான். தைவானில் பெயர் பதிவான ஊருக்கு நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. நகரத்தில் படிக்கிற, வேலை செய்கிற இளைஞர்கள் ரயிலேறிப் போகிறார்கள். பயணச் செலவும் ஒரு நாள் விடுப்பும் இல்லாதவர்கள் போவதில்லை. இந்தியாவில் 2019 பொதுத்தேர்தலில் சுமார் 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை என்று தேர்தல் ஆணையமே கவலைப்பட்டது. ஊர் விட்டு ஊர் போனவர்களின் சிக்கல் அதில் ஒரு முக்கியக் காரணம் என்றும் சொன்னது.

ஒரு விஷயம் பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை: படிக்கிற ஊரிலேயே பெயரைப் பதிவு செய்ய நிறைய நாடுகளில் வழி உண்டு. இந்தியாவில் விடுதியில் தங்கிப் படிப்பவர் கல்வி நிறுவனத்தின் சான்றிதழோடு அந்த முகவரியிலேயே பதிவு செய்யலாம், அல்லது பெற்றோர் வீட்டு முகவரியிலேயே இருக்கலாம். எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது. புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. தேர்தல் எந்த மாதம் வரும், அப்போது கல்லூரி விடுமுறையா, நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்து முடிவெடுங்கள்.

பட்டியலில் பெயரைத் தானாகச் சேர்ப்பது அரசுகள் செய்யக்கூடிய வேலை. மலேசியா அதைச் செய்தது. 2019இல் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது தானியங்கிப் பதிவும் சேர்ந்தே வந்தது. 2018இல் ஏறக்குறைய 1.49 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 பொதுத்தேர்தலில் 2.11 கோடி. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் 18 வயதுப் பிள்ளைகள் அல்ல. அதுவரை பதிவே செய்யாமல் விட்ட பெரியவர்களும் அதில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஒரு விண்ணப்பப் படிவம் எத்தனை பேரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது பாருங்கள்.

யாருக்குப் போடுவது என்றே தெரியவில்லை. தெரியாமல் போடுவதைவிட ஒதுங்கியிருப்பது மேல் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்தான் இதைக் கேட்பார். எல்லாம் தெரிந்த பிறகுதான் ஓட்டு என்று காத்திருந்தால் எந்த வயதிலும் போட முடியாது. உங்கள் பக்கத்தில் வரிசையில் நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் வரவுசெலவுத் திட்டத்தின் நுணுக்கம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அவர் வாழ்க்கையை எது தொடுகிறது என்பது. உங்களுக்கும் அப்படி இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கும்: வேலை, கட்டணம், இரவில் பாதுகாப்பாக வீடு திரும்புவது, மூச்சுவிடும் காற்று. அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வேட்பாளர்கள் அவற்றைப் பற்றி என்ன சொன்னார்கள், முன்பு பதவியில் இருந்திருந்தால் என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். இரண்டு மணி நேர வேலை.

சில நாடுகளில் இதற்கு நல்ல கருவிகள் உண்டு. நெதர்லாந்தில் 1989இல் பள்ளி மாணவர்களுக்காகச் சிறு கேள்வித்தாளாகத் தொடங்கியது 'ஸ்டெம்வைசர்'. கேள்விகளுக்கு உங்கள் விடையைச் சொன்னால் எந்தக் கட்சி உங்களுக்கு நெருக்கம் என்று காட்டும். அதைப் பார்த்து ஜெர்மனியில் 2002இல் அரசின் குடிமைக் கல்வி நிறுவனம் 'வால்-ஓ-மாட்' தொடங்கியது. இந்தியாவில் அப்படி ஒன்று அரசு நடத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதுள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வித் தகுதி எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் கொடுத்த தீர்ப்புகளால் வந்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பவர்கள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

வாக்களிக்கும் வயதை 16 ஆக்கினால் நிலைமை இன்னும் மோசமாகாதா?

நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். டென்மார்க் ஆய்வை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்தால் பதில் தலைகீழாகிறது. 16 வயதில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, ஊரில் நான்கு பேரைத் தெரிந்து வைத்திருக்கிறது. முதல் ஓட்டுக்கு 18, 19ஐவிட அது நல்ல காலம். ஆஸ்திரியா 2007இல் 16 ஆகக் குறைத்தது. அங்கே 16, 17 வயதினர் 18 முதல் 20 வரை உள்ளவர்களைவிடக் கூடுதலாகவே வாக்களித்திருப்பதை ஆய்வுகள் காட்டின. ஸ்காட்லாந்து 2014இல் விடுதலை பற்றிய பொதுவாக்கெடுப்பில் 16, 17 வயதினரை அனுமதித்தது. ஒட்டுமொத்த வாக்குப்பதிவு 84.6 சதவீதம். மறு ஆண்டே ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அந்த வயதையே நிலையாக்கினார்கள்.

வயதைக் குறைப்பது எளிதில் நடப்பதும் இல்லை. தைவானில் 20ஐ 18 ஆக்க 2022 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு ஏறக்குறைய 56 லட்சம். தேவைப்பட்டது 96 லட்சத்துக்கும் மேல். தோற்றது. அமெரிக்காவில் 1971இல் வியட்நாம் போருக்கு 18 வயதுப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்ததால்தான் 21 என்பது அசைந்தது. இந்தியாவில் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989 மார்ச்சில் 21ஐ 18 ஆக்கியது.

வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

எண்ணிக்கைப் பிரச்சினை தீரும். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் 60 சதவீதத்துக்கும் குறைவு, 1924இல் கட்டாயமாக்கினார்கள், 1925இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. சிறு அபராதம்தான். சிலியில் 2012இல் கட்டாயத்தை நீக்கியபோது வாக்குப்பதிவு சரிந்தது. 2022 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு பற்றிய வாக்கெடுப்புக்குக் கட்டாயம் திரும்பி வந்ததும் 85 சதவீதத்தைத் தாண்டியது. போரிச் ஆதரித்த வரைவை அதே மக்கள் 62 சதவீத ஓட்டில் நிராகரித்தார்கள். கட்டாயம் வந்தால் நாம் விரும்பும் முடிவு வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். எல்லோருடைய முடிவும் வரும்.

என்னைக் கேட்டால், கட்டாயத்துக்கு முன் செய்ய வேண்டியவை நிறைய மீதம் இருக்கின்றன. பெயரைப் பட்டியலில் சேர்க்காத, தங்கும் ஊரில் வாக்களிக்க விடாத ஓர் அரசு, வரவில்லை என்று இளைஞரிடம் அபராதம் கேட்பது முறையில்லை.

கைபேசியிலேயே ஓட்டுப் போடும் வசதி வந்தால்?

எஸ்தோனியாவில் 2005 முதலே இணைய வாக்களிப்பு உண்டு. 2023இல் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில்தான் விழுந்தன. மொத்த வாக்குப்பதிவு 2007இல் சுமார் 62 சதவீதம், 2023இல் 63.5. ஏற்கெனவே போடுகிறவர்களுக்கு வசதி கூடியது, அவ்வளவுதான்.

வேட்பாளர்களில் எங்கள் வயதுக்காரர் யாருமே இல்லையே?

நியாயமான குறை. உலக நாடாளுமன்றங்களின் உறுப்பினர்களில் 30 வயதுக்கு உட்பட்டோர் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று பன்னாட்டு நாடாளுமன்ற ஒன்றியத்தின் கணக்கு சொல்கிறது. உலக மக்கள்தொகையிலோ அவர்கள் ஏறக்குறைய பாதி. 18இல் ஓட்டுரிமை கொடுத்துவிட்டுப் போட்டியிட 25 வரை காத்திருக்கச் சொல்கிற நாடுகள் பல. இந்திய மக்களவைக்கும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும் 25தான். இந்த வயதைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்சிகளும் இளைஞர் அணியைக் கொடி பிடிக்க மட்டும் வைத்திருக்காமல் வெல்லக்கூடிய தொகுதிகளில் நிறுத்த வேண்டும்.

நான் ஒரு தாய். பிள்ளையிடம் எப்படிப் பேசினால் போவான்?

அறிவுரை சொல்லாதீர்கள்; கூட்டிக்கொண்டு போங்கள். நியூ ஹேவன் சோதனையில் வீட்டு வாசலில் வந்து நேரில் பேசியதற்குத்தான் நல்ல பலன் கிடைத்தது. ஆளை வைத்துத் தொலைபேசியில் பேசவைத்ததற்குப் பலனே இல்லை.

இதைவிட உங்களுக்கு உதவும் செய்தி வேறொரு சோதனையில் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவின் டென்வர், மினியாபோலிஸ் நகரங்களில் இரண்டு வாக்காளர்கள் உள்ள வீடுகளுக்குப் போய், கதவைத் திறந்தவரிடம் மட்டும் வாக்களிக்கச் சொல்லிப் பேசினார்கள். அவரிடம் ஏற்பட்ட ஊக்கத்தில் 60 சதவீதம் அளவுக்கு, கதவுக்கே வராத மற்றவருக்கும் தொற்றியிருந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பவருக்கு அவ்வளவு வலிமை. விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்தால் முடியாதது உங்களால் முடியும்.

வெளியூரில் இருந்தால் இரண்டு வாரம் முன்பே கேளுங்கள்: "எந்தக் கிழமை வருகிறாய்? எந்த வண்டியில்?" போவாயா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பான். எந்த வண்டி என்று கேட்டால் டிக்கெட் எடுப்பான்.

வெட்கப்படுத்துவதும் வேலை செய்யும் என்பதை மறைக்க மாட்டேன். 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையில், "நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்பதை உங்கள் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்போம்" என்று கடிதம் போனது. வாக்களிப்பு சுமார் 8 சதவீதப் புள்ளி கூடியது. கடிதம் ஒன்றால் கிடைத்த பலனாக அது மிகப் பெரியது. ஆனால் கடிதம் பெற்ற பலர் கொதித்தார்கள். வீட்டில் அந்த வழி வேண்டாம். எந்தக் கட்சிக்குப் போட வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். முதல் ஓட்டு பிள்ளையின் சொந்த ஓட்டாக இருந்தால்தான் இரண்டாவதும் தொடரும்.

முதல்முறை போகிறேன். உள்ளே என்ன நடக்கும், தப்பாகச் செய்துவிட்டால்?

இதை வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. கேட்கக் கூச்சப்பட்டே வீட்டில் தங்கிவிடுகிறவர்கள் உண்டு. எனவே விரிவாகவே சொல்கிறேன்.

முந்தைய நாளே மூன்றைப் பார்த்து வையுங்கள்: பட்டியலில் உங்கள் பெயர், உங்கள் வாக்குச்சாவடி எது, எந்த அடையாள அட்டை செல்லும். அட்டை மட்டும் கையில் இருந்து பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பெரும்பாலான நாடுகளில் அன்று வாக்களிக்க முடியாது. ஆகவே பெயரைப் பார்ப்பதைச் சில மாதம் முன்பே ஒருமுறை செய்துவிடுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். வரிசை நகரும். உள்ளே ஒருவர் உங்கள் பெயரைப் பட்டியலில் தேடிக் குறித்துக்கொள்வார்; கையெழுத்து கேட்கலாம். பிறகு மறைப்புக்குப் பின்னால் நீங்கள் மட்டும். அங்கே எட்டிப் பார்க்க அதிகாரிக்கும் உரிமையில்லை, கட்சி முகவருக்கும் இல்லை, கூட வந்த அப்பாவுக்கும் இல்லை. வாக்குச்சீட்டாக இருந்து குறியைத் தவறாக இட்டுவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் அதிகாரியிடம் சொன்னால் பல நாடுகளில் வேறு சீட்டு தருவார்கள். இயந்திரமாக இருந்தால் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெயரையும் சின்னத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். யாரும் அவசரப்படுத்தக் கூடாது. புரியாததை அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கலாம். சொல்லித் தருவதும் அவர்கள் வேலைதான்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அதே சாவடியில் ஓட்டு இருக்கிற, உங்களைப் போலவே முதல்முறை போடப்போகும் ஒரு தோழியையோ தோழனையோ இன்றே கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.